சிவில் முடித்த எல்லையோரப் பிள்ளைகளுக்கு: தனியார் துறையில் வேரூன்றும் வழி

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சிவில் முடித்து வெளியே வருகிறவர்களில் ஒரு பகுதியினர் அரசுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்னொரு பகுதியினர் வளைகுடாவிலிருக்கும் மாமாவோ சித்தப்பாவோ விசா அனுப்புவார் என்று காத்திருக்கிறார்கள். இந்த வழிகாட்டி மூன்றாவது வகையினருக்கானது. தனியார் துறையில் நுழைந்து அங்கேயே வளர வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட தம்பி, தங்கைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தனியார் கட்டுமானத்தில் யார் மேலே போகிறார் என்பதை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன். மதிப்பெண்ணும் கல்லூரியின் பெயரும் முதல் நேர்காணல் வரைதான் துணைக்கு வருகின்றன. அதன்பின் உயர்கிறவர், எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி, எவ்வளவு பணம் என்ற மூன்று கேள்விக்கும் தன் கையால் கணக்குப் போட்டுப் பதில் சொல்லத் தெரிந்தவர். கீழே வரும் ஒவ்வொரு படியும் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதற்காகத்தான்.

முதல் படி: சுற்றிலும் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு சென்னையை மட்டும் பார்ப்பவர் பக்கத்திலிருக்கும் பெரிய சந்தையைத் தவறவிடுகிறார். 2015 இறுதியில் கட்டத் தொடங்கிய, திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவரும் 800 மீட்டர் கப்பல் தளமும் முதல் கட்டத்தின் வேலை. துறைமுகம் திறந்ததோடு கட்டுமானம் முடிந்துவிடுவதில்லை. அடுத்தகட்ட விரிவாக்கம், இணைப்புச் சாலை, பாலராமபுரம் வரை பெரும்பகுதி சுரங்கமாகத் திட்டமிடப்பட்டுள்ள ரயில் இணைப்பு, சரக்குக் கிடங்குகள் என்று அது பல ஆண்டுகளுக்கு வேலை தரும்.

தேசிய நெடுஞ்சாலை 66 இரு மாநிலங்களிலும் அகலமாகிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வரும் புறவழிச்சாலையில் முக்கோலாவுக்குத் தெற்கே உள்ள பகுதி கான்கிரீட் சாலை. தார்ச்சாலைக்கும் கான்கிரீட் சாலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் ஒருநாள் அதில் போய் அதன் இணைப்புகளைப் பார்த்துவிட்டு வரலாம். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டை ரயில் பாதை வேலை இன்னொன்று. இவற்றோடு டெக்னோபார்க்கைச் சுற்றி எழும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும், நெய்யாற்றின்கரை முதல் தக்கலை வரை வளைகுடாப் பணத்தில் எழும் வீடுகளும், டாரஸ் லாரிகளில் எல்லை தாண்டும் கல்லும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இருக்கின்றன.

வேலை தருகிறவர்களை ஐந்து வகையாகப் பிரித்துப் பாருங்கள்: பெரிய ஒப்பந்த நிறுவனங்கள், அவற்றிடமிருந்து வேலை எடுக்கும் துணை ஒப்பந்ததாரர்கள், வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள், உரிமையாளர் சார்பில் மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், வரைபடமும் வடிவமைப்பும் செய்யும் அலுவலகங்கள். பெரிய நிறுவனம் கல்லூரி வளாகத்திலேயே ஆள் எடுத்துவிடும். அதில் இடம் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்லும் முதல் கதவு துணை ஒப்பந்ததாரர். அங்கே ஆட்கள் குறைவு என்பதால் அளப்பது, ஆள் கணக்கு எழுதுவது, பில் போடுவது எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் புதிதாகச் சேரும் பொறியாளரின் மாதச் சம்பளம், அவர் மேற்பார்வை பார்க்கும் கொத்தனாரின் மாத வருமானத்தைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். கொத்தனாரின் கையில் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, உங்கள் கையில் இன்னும் இல்லை. மூன்று ஆண்டுகளில் இந்த நிலை மாறும், அந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் எதைக் கற்றீர்கள் என்பதைப் பொறுத்து.

இரண்டாம் படி: கணக்கைக் கையில் எடுங்கள்

படிப்பு முடிவதற்கு முன்பே இதைத் தொடங்கலாம். உங்கள் வீட்டையோ பக்கத்து வீட்டையோ டேப் பிடித்து அளந்து, வரைபடம் போட்டு, அடித்தளம் முதல் பூச்சு வரை அளவுப் பட்டியல் தயாரியுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், சான்றிதழும் கிடைக்காது. ஆனாலும் எந்த மென்பொருள் வகுப்பைவிடவும் பயனுள்ள பயிற்சி இதுதான்.

எடுத்துக்காட்டாக 4 மீட்டருக்கு 5 மீட்டர் அளவுள்ள ஓர் அறையின் கூரை. கனம் 125 மி.மீ. கான்கிரீட் 4 × 5 × 0.125, அதாவது 2.5 கன மீட்டர். குறுக்குவாட்டில் 10 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளியில் என்றால், 5 மீட்டர் நீளத்துக்கு 34 கம்பிகள், ஒவ்வொன்றும் 4 மீட்டர், மொத்தம் 136 மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் எடை காண விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி 162-ஆல் வகுக்க வேண்டும். 10 மி.மீ. கம்பிக்கு 0.617 கிலோ வரும். ஆக 84 கிலோ. நெடுக்குவாட்டில் 8 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் 21 எண்ணம், ஒவ்வொன்றும் 5 மீட்டர், மீட்டருக்கு 0.395 கிலோ வீதம் ஏறக்குறைய 41 கிலோ. இரண்டும் சேர்ந்து 125 கிலோ. இதில் சுவர் மேல் உட்காரும் நீளம், கொக்கி, மேற்கம்பி, ஒட்டு, வெட்டுக் கழிவு எதுவும் சேரவில்லை. அவற்றைச் சேர்த்தபின் எவ்வளவு ஏறுகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 4 மீட்டர் துண்டாக வெட்டினால் கழிவே இல்லை, 4.3 மீட்டராக வெட்டினால் ஒவ்வொரு கம்பியிலும் 3.4 மீட்டர் மிஞ்சும். மிச்சத்தை எங்கே பயன்படுத்துவது என்று யோசிக்கத் தொடங்கும்போதே நீங்கள் பொறியாளராகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

மென்பொருள்களில் இப்போதைக்கு எக்ஸெல்லும் ஆட்டோகேடும் போதும். எக்ஸெல்லில் சூத்திரம் போட்டு அளவுப் பட்டியல் செய்யும் அளவுக்கும், ஆட்டோகேடில் வரைபடத்தைத் திறந்து அளந்து திருத்தும் அளவுக்கும் தெரிந்தால் வேலையில் சேரலாம். ஆறு மென்பொருளுக்கு ஒரே பொட்டலமாகப் பெரும் பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். எந்தக் கிளைக்குப் போகப் போகிறோம் என்று தெரியாமல் வாங்கும் சான்றிதழ் அலமாரியில்தான் இருக்கும்.

ஐ.எஸ். என்று தொடங்கும் இந்தியத் தர விதிநூல்களில், கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000 ஒன்றை முழுதாகப் படித்துவிடுங்கள். ஐ.எஸ். 1200 (வேலையை அளக்கும் முறை), ஐ.எஸ். 383 (ஜல்லியும் மணலும்), ஐ.எஸ். 10262 (கலவை விகிதம்) ஆகியவற்றில் என்ன இருக்கிறது என்ற அளவுக்காவது தெரிந்திருக்கட்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் இவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

மூன்றாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

ஒரு பக்கத்துக்கு மேல் விண்ணப்பம் வேண்டாம். குறிக்கோள் என்று ஒரு பத்தி எழுதுவதைவிட, நீங்கள் தயாரித்த அளவுப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள். புதியவர்களில் அப்படிச் செய்கிறவர் மிகக் குறைவு. அதனாலேயே அது கண்ணில் படும். நடக்கும் வேலையின் பெயர்ப்பலகையில் உரிமையாளர், ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். குறித்துக்கொண்டு நேரில் போங்கள். நம் பகுதியில் நேரில் வந்து கேட்கும் பிள்ளைக்கு இன்னும் மதிப்பிருக்கிறது. மத்திய அரசின் தேசியப் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிந்தால் பட்டதாரிப் பயிற்சியாளராக ஓராண்டு, உதவித்தொகையோடு வேலை பழகும் வாய்ப்பும் உண்டு.

நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள்தான். 16 மி.மீ. கம்பியின் எடை என்ன? கியூப் (வலுச் சோதனைக்கான கான்கிரீட் கட்டி) எத்தனை அடுக்காக நிரப்புவீர்கள்? தூணுக்கும் அடித்தளத்துக்கும் கவர், அதாவது கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், எவ்வளவு? தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். எதிரே இருப்பவர் இருபது ஆண்டு சைட்டில் நின்றவர், சமாளிப்பை உடனே கண்டுகொள்வார்.

நான்காம் படி: கையெழுத்துப் போடுமுன்

நியமன ஆணை எழுத்தில் வர வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு, வார விடுமுறை உண்டா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்க வேண்டாம். காட்டிவிட்டு நகல் கொடுங்கள். வைப்பு நிதி எண் உங்கள் அனுபவத்துக்கு அரசுப் பதிவேட்டில் நிற்கும் சான்று. பிற்பாடு ஒரு பெரிய நிறுவனம் உங்கள் பழைய வேலையைச் சரிபார்க்கும்போது அதைத்தான் பார்க்கும். கையில் பணமாகச் சம்பளம் தந்து எந்தப் பதிவும் இல்லாமல் வேலை வாங்கும் இடத்தில் ஓராண்டுக்கு மேல் நிற்காதீர்கள்.

பெண்கள் இன்னும் இரண்டைக் கேட்டே ஆக வேண்டும்: சைட்டில் தனிக் கழிப்பறை உண்டா, இரவு கான்கிரீட் போடும் நாளில் வீடு திரும்ப வண்டி உண்டா. இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பெண் என்பதால் அலுவலகத்திலேயே இருந்துகொள் என்று அன்போடு சொல்கிறவர்கள் உண்டு. முதல் ஆண்டில் அதை ஏற்காதீர்கள். சைட்டில் நிற்காமல் அலுவலகத்தில் அளவு கணக்கிடுகிறவருக்கு, எண் தவறாக வந்தால் அது தவறு என்று உறைக்காது.

ஐந்தாம் படி: முதல் ஆண்டு முழுவதும் சைட்டில்

இந்த ஆண்டுதான் அடித்தளம். நீங்கள் எந்தக் கிளைக்குப் போனாலும் இங்கே பார்த்ததை வைத்துத்தான் பிழைப்பீர்கள்.

தினமும் ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள். வானிலை, எத்தனை கொத்தனார், எத்தனை கையாள், என்ன வேலை எந்த அளவு நடந்தது, என்ன பொருள் வந்தது, யார் என்ன உத்தரவு தந்தார். அரைப் பக்கம் போதும். ஆறு மாதம் எழுதினால் ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் ஒரு நாளில் எவ்வளவு சுவர் எழுப்புவார்கள், கம்பி கட்டுகிறவர் ஒரு நாளில் எத்தனை கிலோ கட்டுவார் என்பதெல்லாம் உங்கள் சொந்த எண்ணாகவே கையில் இருக்கும். புத்தகத்தில் அச்சான சராசரி, தக்கலையில் ஐப்பசி மழையில் நடக்கும் வேலைக்குப் பொருந்தாது.

கான்கிரீட் போடும் நாளில் மூன்று இடத்தில் கண் இருக்கட்டும். முதலாவது தண்ணீர். கலவை கெட்டியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாம் என்று அனுபவசாலியே சொன்னாலும் விடாதீர்கள். கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் சோதனை செய்யுங்கள், தேவையானால் கலவைப் பொறுப்பாளரிடம் பேசி ரசாயனக் கலப்பு மூலம் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டாவது நேரம். ரெடிமிக்ஸ் லாரியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 சொல்லும் பொது அளவு. உறைவைத் தாமதிக்கும் கலப்பு சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் உண்டு. பாலராமபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ லாரி நெரிசலில் நின்றுவிட்டால் இந்தக் கணக்கு கைமீறிப் போகும். அதனால் பெரிய தளங்களை அதிகாலையில் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு லாரியின் சீட்டிலும் ஏற்றிய நேரத்தைப் பார்த்து, இறக்கிய நேரத்தை நீங்கள் எழுதுங்கள்.

மூன்றாவது கவர். கொல்லங்கோட்டிலிருந்து குளச்சல், முட்டம் வரையும், அப்பக்கம் பூவாறு, கோவளம் வரையும் கடலோரத்தில் கட்டுகிறவர்கள் இதை மனத்தில் பதிய வைக்க வேண்டும். கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று ஐ.எஸ். 456 வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்-30 தரம் (எண் கூடக் கூட வலு கூடும்), கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல், கவர் 45 மி.மீ. ஆனால் கடலோர வீடுகள் பலவற்றில் எம்-20 கலவையும் 20 மி.மீ. கவருமே நடக்கிறது. உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட் வெடித்து உதிரும். நம் கரையோர ஊர்களில் பத்துப் பதினைந்து ஆண்டு வயதான வீட்டின் சன்ஷேடுகளைப் பார்த்தாலே தெரியும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீடு அப்படிப் போவதைப் பார்ப்பது வேதனை. கவர் பிளாக் வைக்காமல் உடைந்த ஜல்லியைச் செருகி வைத்திருந்தால், கான்கிரீட் போட விடாமல் நிறுத்துங்கள். அன்று உங்கள் மேல் கோபப்படுவார்கள், படட்டும்.

கியூப் எடுப்பதில் சோம்பல் கூடாது. போடும் கான்கிரீட் 5 கன மீட்டர் வரை என்றால் ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு, அதற்குமேல் ஒவ்வொரு 50-க்கும் இன்னொன்று. ஒரு மாதிரி என்பது மூன்று கியூப். 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, கையால் குத்தினால் அடுக்குக்கு 35 குத்து. 28-ஆம் நாள் முடிவுதான் கணக்கில் எடுக்கப்படும். 7-ஆம் நாள் முடிவு ஏதோ சரியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் கொண்ட சென்ட்ரிங்கைப் பிரிப்பதில்தான் அவசரம் அதிகம், ஏனென்றால் பலகைகள் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். சாதாரண சிமெண்டில், தாங்கும் சுவர் அல்லது உத்திரங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் வைக்க வேண்டும். உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நம் கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (பொசோலானா கலந்த) வகைச் சிமெண்ட், அது மெதுவாகத்தான் வலுப்பெறும். ஆகவே இந்த நாட்களைக் கூட்டலாமே தவிரக் குறைக்கக் கூடாது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு: ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும், அக்டோபர், நவம்பரின் ஐப்பசி மழையும். அடித்தளம் தோண்டும் வேலையை அந்த மாதங்களுக்குத் தள்ளிவிட்டால் நீர் இறைப்பதற்கும் சரிந்த மண்ணை அள்ளுவதற்கும் பணம் போகும். மழை பெய்கிறதே, தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டாம் என்ற பேச்சையும் கேட்பீர்கள். இரண்டு மழைக்கு இடையில் அடிக்கும் வெயிலில் தளம் காய்ந்துவிடும், கூரைக்கு உட்பக்கத் தூண்களில் மழை படவே படாது. எம்-சாண்ட் வரும்போதும் கையில் எடுத்துப் பாருங்கள். உடைத்த மணலில் 150 மைக்ரான் சல்லடை வழியே இறங்கும் பொடி 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. கழுவாமல் நேராகக் குவாரியிலிருந்து வரும் லோடு அந்த அளவைத் தாண்டக்கூடும்.

ஆறாம் படி: மலையாளமும் இரண்டு விதிநூல்களும்

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதுக்குப் பழக்கம். எழுத்தையும் கற்றுவிடுங்கள், ஓரிரு மாத வேலைதான். ஊராட்சி அறிவிப்பு, ஆள் வருகைப் பதிவேடு, கடைக்காரரின் பில் எல்லாம் கேரளத்தில் மலையாளத்தில்தான் வரும். சைட்டில் மைக்காடு என்றால் கையாள், தேப்பு என்றால் பூச்சு, மெட்டல் என்றால் ஜல்லி, தட்டடிப்பது என்றால் சென்ட்ரிங். கம்பி எங்கும் கம்பிதான். வடமாநிலத் தொழிலாளர்கள் இரு பக்கமும் நிறைந்துவிட்டதால் எண்ணும் அளவும் சொல்லும் அளவுக்கு இந்தியும் வேண்டும்.

கேரளத்தில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தனித்தனியாக 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் இருக்கின்றன. விண்ணப்பம் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாகப் போகிறது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் ஒற்றைச்சாளர முறையும். கேரளத்தில் வரைபடம் சதுர மீட்டரில், நம் பக்கம் வீட்டுக்காரர் பேசுவது சதுர அடியில். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இரண்டு முறையும் தெரிந்த பொறியாளர் எல்லையின் இரு பக்கமும் வேலை செய்யலாம். இந்த வசதி திருச்சியிலோ கோட்டயத்திலோ இருப்பவருக்குக் கிடையாது.

ஏழாம் படி: ஓராண்டு முடிந்ததும் கிளையைத் தேர்ந்தெடுங்கள்

என் தேர்வைக் கேட்டால், முதலில் அளவையும் பில்லும் சொல்வேன். நிறுவனத்துக்குப் பணம் வரும் வாசல் அதுதான். ஒப்பந்ததாரர் மாதந்தோறும் நடந்த வேலையை அளந்து பில் கொடுக்கிறார், ஆலோசகர் சரிபார்த்து வெட்டுகிறார். அந்த வெட்டில் எது நியாயம் என்று சொல்ல விதி தெரிந்திருக்க வேண்டும். பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டருக்கு மிகாத கதவு, ஜன்னல் போன்ற திறப்புக்குப் பரப்பில் எதையும் கழிக்க வேண்டாம். 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் இரு முகத்துக்கும் கழித்து, உள்விளிம்புகளைச் சேர்க்க வேண்டும். ஐ.எஸ். 1200 சொல்வது இது. ஐம்பது குடியிருப்புகள் உள்ள ஓர் அடுக்குமாடியில் இந்த ஒரு விதியைத் தவறாகப் படித்தால் போகும் பணத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பில் போடுகிறவருக்கு ஒப்பந்த ஆவணமும் மனப்பாடமாக வேண்டும். அட்டவணையில் இல்லாத வேலைக்கு எந்த விலை, வரைபடம் மாறினால் யாருக்கு எத்தனை நாளுக்குள் கடிதம் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பன்னாட்டளவில் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் 1999-இல் கூடுதல் பணமோ காலமோ கேட்க ஒப்பந்ததாரருக்கு 28 நாள் கெடு. நாள் தவறினால் உரிமை போய்விடும். வளைகுடாவில் இந்த வகை ஒப்பந்தம் பரவலாக இருப்பதால், இதைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு மரியாதை கூடுதல்.

திட்டமிடல் இரண்டாவது கிளை. பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் ஆகிய மென்பொருள்கள் இங்கேதான் தேவைப்படும். முன்பு எழுதச் சொன்ன நாட்குறிப்பு எண்கள்தான் இதன் மூலதனம்.

கட்டமைப்பு வடிவமைப்பில் ஆசையுள்ளவர்கள் முதுநிலைப் படிப்புக்குத் தயாராக வேண்டும். ஈடேப்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளின் பொத்தான்களை அழுத்தத் தெரிவது வடிவமைப்பாகாது. கணினி தரும் விடையைக் கையால் சரிபார்க்கத் தெரிய வேண்டும். கேட் தேர்வு மூலம் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போகலாம். கோழிக்கோட்டிலும் திருச்சியிலும் என்.ஐ.டி. உண்டு.

பிம் எனப்படும் முப்பரிமாண மாதிரியாக்கம் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் வளர்ந்துவருகிறது. வெளிநாட்டுத் திட்டங்களுக்கு இங்கிருந்தே ரெவிட், டெக்லா மாதிரிகள் செய்து தருகிறார்கள். கண் துல்லியமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ஏற்றது. தரக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் மற்ற இரண்டு கிளைகள். வெளிநாட்டில் இரண்டுக்கும் நல்ல தேவை இருக்கிறது, நம் ஊரில் மட்டும் இன்னும் மதிப்புக் குறைவு.

எட்டாம் படி: வளைகுடா, ஆனால் அனுபவத்தோடு

குறைந்தது மூன்று ஆண்டு பதிவுள்ள அனுபவம் இல்லாமல் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அனுபவமின்றி சுற்றுலா விசாவில் போய் வேலை தேடுகிறவர், பொறியாளராகப் போய் மேற்பார்வையாளர் சம்பளத்தில் சிக்கிக்கொள்கிறார். அதிலிருந்து மேலே வருவது மிகக் கடினம்.

முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நேர்மையான வழிகள். சந்தேகம் வந்தால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது.

எல்லையோரத்தில் பலரும் தடுமாறும் இடம் சான்றொப்பம், அதாவது பட்டம் உண்மையானது என்று அரசு போட்டுத் தரும் முத்திரை. பட்டம் தந்த மாநிலத்தில்தான் முதல் சான்றொப்பம் வாங்க வேண்டும். பாறசாலையில் வீடு, நாகர்கோவிலில் படிப்பு என்றால் உங்கள் பட்டம் தமிழ்நாட்டுப் பட்டம். அதன்பின் வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்தந்த நாட்டின் தேவைக்கேற்பத் தூதரகம். சவுதியில் பொறியாளராக வேலை செய்ய சவுதிப் பொறியாளர் மன்றத்தில் பதிய வேண்டும். கத்தாரில் பொறியாளர் தகுதிக்குத் தேர்வு இருக்கிறது. அனுபவச் சான்றில் பதவியின் பெயரும் தேதிகளும் வைப்பு நிதிப் பதிவோடு பொருந்த வேண்டும். நான்காம் படியில் அதை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்பதாம் படி: சொந்தமாகக் கட்டத் தொடங்கும்போது

ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் பலருக்கும் இந்த எண்ணம் வரும். வரைபடத்தில் கையெழுத்திட இரு மாநிலத்திலும் தனித்தனிப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்துவிட்டது. கேரளத்திலும் 300 சதுர மீட்டர் வரையிலான சிறு கட்டடங்களுக்கு அதுபோன்ற முறை உண்டு. அதிகாரி வந்து பார்ப்பது குறையும்போது, விதி மீறினால் பதில் சொல்லும் பொறுப்பு கையெழுத்திட்டவருக்குக் கூடுகிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதீர்கள். எந்தச் சிமெண்ட், எந்தக் கம்பி, எந்த மரம், எந்த ஓடு என்று எழுதுங்கள். கிணறும் மதிலும் முற்றமும் விலையில் சேருமா என்பதையும் எழுதுங்கள். தவணைகளை வேலை முடியும் கட்டங்களோடு கட்டுங்கள்: அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு, தரை. ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன் அதற்கான பணத்தின் பெரும்பகுதி கையில் இருக்க வேண்டும். கடைசித் தவணை சிறியதாக இருக்கட்டும்.

நம் பகுதியில் வீட்டுக்காரர் பெரும்பாலும் வளைகுடாவில் இருப்பார். சைட்டில் நிற்பவர் அவருடைய அப்பாவோ மனைவியோ. சமையலறையை இரண்டடி நீட்டலாம், மாடியில் இன்னொரு குளியலறை போடலாம் என்று அவர்கள் சொல்லும்போது வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். கூடுதல் அளவையும் விலையையும் கணக்கிட்டு, வீட்டுக்காரருக்கு அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். சம்மதம் என்று அவர் எழுத்தில் பதில் அனுப்பிய பிறகே கொத்தனாரிடம் சொல்லுங்கள்.